டாக்டருங்களுக்கு மருத்துவ சட்டம், நெறிமுறையெல்லாம் எவ்வளவு தெரியும்னு எப்படி அளக்குறாங்க?

சட்டம் தெரியுமான்னு நேரா கேட்டா எல்லாரும் தெரியும்னுதான் டிக் அடிப்பாங்க, அதனால ஒரு சம்பவத்த கொடுத்து என்ன செய்வீங்கன்னு கேக்கணும். இப்போ கடலூர்லேர்ந்து ஒரு அம்மாவ ஆபரேஷனுக்கு பாண்டிச்சேரி கூட்டிட்டு வராங்க, அவங்க நல்ல நினைவோடதான் இருக்காங்க, ஆனா ஃபார்ம்ல மகன் மட்டும் கையெழுத்து போடுறாரு, இது செல்லுமா? செல்லாதுங்க, அந்த அம்மாவேதான் சம்மதிக்கணும். சோதனைக்குன்னு வாங்குன சம்மதத்த வச்சு ஆபரேஷன் பண்ணக்கூடாது, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விதிவிலக்குன்னு சுப்ரீம் கோர்ட் 2008ல சமீரா கோலி வழக்குல தெளிவா சொல்லிடுச்சு. நோயாளி தன்னோட கேஸ் ஷீட் கேட்டா 72 மணி நேரத்துல தரணும்னு டாக்டருங்களுக்கான இந்திய மருத்துவ கவுன்சிலோட 2002 விதிமுறைல இருக்கு, அதையும் கேக்கலாம். ஆனா வெறும் மார்க்க பாத்தா பத்தாது, வார்டுக்கே போய் ஃபார்ம்ல யார் கையெழுத்து இருக்கு, என்ன ஆபரேஷன்னு தமிழ்ல எழுதிருக்கான்னும் பாக்கணும்.