கார் கேள்வி பதில்: முன்னாடி டொக்குன்னு அடிக்குது, எதை மாத்துறது?

கேள்வி: ஐயா வணக்கம். என்கிட்ட 2003 மாடல் மாருதி 800 இருக்கு, அப்பா வாங்கினது, விக்க மனசு வரல. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கும்போதும் பிரேக்க மிதிக்கும்போதும் முன்னாடி இடது பக்கம் 'டொக்'குனு ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்ல ரெண்டு ஸ்ட்ரட்டையும் (ஸ்பிரிங்கோட சேர்ந்த ஷாக் அப்சார்பர்) மாத்துனாங்க, சத்தம் அப்படியே இருக்கு. வீல் அலைன்மென்ட் மூணு தடவ பாத்தாச்சு, இன்னமும் பிரேக் போட்டா இடது பக்கம் இழுக்குது. இப்ப ஸ்டீரிங் ரேக்க (ஸ்டீரிங் திருப்புறத வீலுக்கு கொண்டு போற பல்லுச் சட்டம்) மாத்தணும்ங்கிறாங்க. மாத்தலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: வேணாம் தம்பி, ரேக்குக்கு இப்பவே காசு எடுத்து வைக்காதீங்க. நீங்க 'பிரேக்க மிதிக்கும்போதும்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே பாதி விஷயம் இருக்கு. 800-ல லோயர் ஆர்ம், அதாவது வீல கீழ பாடியோட இணைக்கிற கை, பெரிய முக்கோணமா இருக்காது, ஒத்தக் கை மாதிரி இருக்கும், பாடி பக்கம் ஒரு புஷ் (ரப்பர் வச்ச குழாய்), வீல் பக்கம் பால் ஜாயிண்ட் (குண்டு மாதிரி திரும்புற மூட்டு), அவ்வளவுதான். அந்தக் கை முன்ன பின்ன போகாம இழுத்துப் புடிச்சிருக்கிறது ஸ்டெபிலைசர் பார்ங்கிற குறுக்குக் கம்பி. வளைவுல வண்டி சாயாம இருக்க மட்டும்தான் அது இருக்குன்னு நிறைய பேரு நினைச்சிட்டிருக்காங்க, இந்த வண்டியில அதுக்கு ரெண்டு வேலை. அது லோயர் ஆர்ம்ல மாட்டுற இடத்துல இருக்கிற ரப்பர் புஷ் நசுங்கிப் போச்சுன்னா, பிரேக் போட்ட உடனே வீல் கொஞ்சம் பின்னாடி நகரும், அப்பதான் அந்த டொக். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தா வண்டி இழுக்காம என்ன செய்யும். அலைன்மென்ட் மெஷின்ல வண்டி சும்மா நிக்கும்போதுதானே பாப்பாங்க, அங்க எல்லாம் சரியாத்தான் காட்டும், நீங்களும் மூணு தடவ காசு குடுத்துட்டு வந்துட்டீங்க.

ஆனா நான் இங்க உக்காந்துக்கிட்டு புஷ்தான்னு அடிச்சு சொல்லக்கூடாது, பாத்துட்டுதான் மாத்தணும். பின் வீலுக்கு கல்லு வச்சிட்டு, முன்னாடி ஜாக்கி போட்டு தூக்கி, ஸ்டாண்டு குடுத்துருங்க (செங்கல்ல நிறுத்திட்டு அடியில போறவங்கள இன்னைக்கும் பாக்குறேன், தயவு செஞ்சு வேணாம்). இப்ப வீல மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. ஆடுச்சுன்னா உள்ள ஒருத்தர உக்கார வச்சு பிரேக்க அழுத்தி புடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க, இப்ப ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலைன்னா பால் ஜாயிண்ட் பக்கம் பாக்கணும். அடுத்து இடது வலதா புடிச்சு ஆட்டுங்க, அதுல மட்டும் ஆட்டம் இருந்தா ஸ்டீரிங்க வீலோட இணைக்கிற கம்பியோட மூட்டுதான், வெளி முனைன்னா டை ராட் எண்டு, உள் முனைன்னா ரேக் எண்டு. டயருக்கு அடியில கடப்பாரைய குடுத்து நெம்பும்போது பால் ஜாயிண்ட்டு பக்கத்துல கைய வச்சுப் பாருங்க, தேஞ்சிருந்தா 'கிளிக்'னு கைக்கே தெரியும். புஷ்ஷ பாக்க கண்ணும் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரும் போதும், ரப்பர் வெடிச்சு, நடு ஓட்டை வட்டமா இல்லாம முட்டை மாதிரி ஆயிருந்தா அது போச்சு.

நின்ன இடத்துலயே ஸ்டீரிங்க திருப்பும்போது 'டங்'னு ஸ்பிரிங் துள்ளுற மாதிரி கேட்டா அது ஸ்ட்ரட் மவுன்ட் (ஸ்ட்ரட்டோட மேல் முனை பாடியில உக்கார்ற இடம்), பானெட்ட தூக்கி மேல கைய வச்சா தெரியும். ஃபுல்லா ஒடிச்சு வண்டிய நகர்த்தும்போது மட்டும் 'கட கட'ன்னு வந்தா அது இன்ஜின் சக்திய வீலுக்கு கொண்டு போற டிரைவ் ஷாஃப்ட்டோட ஜாயிண்ட், சஸ்பென்ஷனே கிடையாது. இன்னொண்ணு, பிரேக் பேட அமுக்குற காலிப்பர் ஜாம் ஆனாலும் வண்டி இழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து வீல் கிட்ட கைய கொண்டு போங்க, ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அங்க பாருங்க.

எல்லா புஷ்ஷும் ஜாயிண்ட்டும் மாத்தி முடிச்ச பிறகு கடைசியா ஒரே ஒரு அலைன்மென்ட். இந்த வண்டியில முன்னாடி டோ (வீல் உள்ள வெளிய திரும்பி நிக்கிற அளவு) மட்டும்தான் செட் பண்ண முடியும், கேம்பர் (வீல் மேல்பக்கம் சாய்ஞ்சு நிக்கிற அளவு) பண்ணித் தரேன்னு யாராச்சும் தனியா காசு கேட்டா எங்க எப்படி பண்ணுவீங்கன்னு காட்டச் சொல்லுங்க.

கேள்வி: சார், எங்க பழைய கார்ல லோயர் ஆர்ம் புஷ் மாத்தி ஆறு மாசம்தான் ஆகுது, மறுபடி கிழிஞ்சிருச்சு. மெக்கானிக்க கேட்டா இப்பல்லாம் நல்ல ரப்பரே வரதில்லம்மாங்கிறார். உண்மையா?
- வாசகி, காரைக்குடி

பதில்: டூப்ளிகேட் ரப்பர் நிறைய இருக்குங்கிறது உண்மைதாம்மா, ஆனா ஆறு மாசத்துல கிழியுதுன்னா நான் முதல்ல மாட்டுன விதத்ததான் கேப்பேன். இந்த புஷ்ல வெளி இரும்புக் குழாயும் உள் குழாயும் ரப்பரோட ஒட்டியே இருக்கும், ஆர்ம் மேல கீழ போகும்போது ரப்பர்தான் முறுக்கிக் குடுக்கும். வண்டி ஜாக்கியில தொங்கும்போதே போல்ட்ட ஃபுல் டைட் பண்ணிட்டா, தொங்குற நிலையிலயே உள் குழாய் பூட்டிக்கும், வண்டிய கீழ இறக்குன நிமிஷத்துலருந்து அது முறுக்குனபடியே நிக்கும், ராத்திரி ஷெட்டுல நிக்கும்போதும் அப்படித்தான். பாவம் அது எத்தன நாள் தாங்கும். போல்ட்ட லேசா புடிக்க வச்சு, வண்டிய தரையில இறக்கி, முன்னாடி ரெண்டு அமுக்கு அமுக்கி விட்டு, வெயிட்டு நாலு வீல்லயும் இருக்கும்போதுதான் கடைசி டைட். நானே தொழில் பழகுன காலத்துல இத செய்யாம ஒரே வண்டிக்கு ரெண்டு தடவ கை காசு போட்டு புஷ் மாத்திக் குடுத்தவன்தான், அதனால உங்க மெக்கானிக்க திட்டாதீங்க, பொறுமையா சொல்லுங்க.

கீச்சு சத்தம் வருதுன்னு யாராவது கிரீஸோ பழைய இன்ஜின் ஆயிலோ தடவுனாங்களான்னும் கேளுங்க. ரப்பர் ஆயில குடிச்சா ஊதி மெத்துன்னு ஆயிரும். மாட்டும்போது உள்ள வழுக்கிப் போகணும்னா சோப்புத் தண்ணியே போதும். அப்புறம் சுத்தியலால அடிச்சு ஏத்த விடாதீங்க, லேத் பட்டறையில பிரஸ் இருக்கும், நேரா இறங்கும்.

கேள்வி: தாத்தாவோட அம்பாசடர 1985-லருந்து வச்சிருக்கோம். ஸ்டீரிங் கல்லு மாதிரி இருக்கு, திருப்புனா முன்னாடி கிறீச்னு முனகுது. பார்ட்ஸ் கிடைக்குமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: பார்ட்ஸ் தேடுறதுக்கு முன்னாடி கிரீஸ் கன்ன தேடுங்க. அம்பாசடர் உற்பத்தி 2014-லயே நின்னு போச்சு, ஆனா அந்தக் காலத்து டிசைன், முன்னாடி வீல் திரும்புற இடத்துல எல்லாம் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏத்துற சின்ன மூக்கு) இருக்கும், கிரீஸ் அடிச்சாத்தான் அது உயிரோட இருக்கும். இப்ப இருக்கிற பசங்களுக்கு அது எங்க இருக்குன்னே தெரியறதில்ல, பாதி நிப்பிள் சேறு மூடி கெட்டியா கெடக்கும். தொடச்சு, வீல ஜாக்கியில தூக்கி வெயிட்ட எடுத்துட்டு, ஒருத்தர் ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் திருப்ப திருப்ப அடிங்க, பழைய கறுப்பு கிரீஸ் வெளிய வந்து புதுசு எட்டிப் பாக்குற வரைக்கும். அதுக்கப்புறமும் வீல் மேல கீழ ஆடுனாத்தான் பின்ன கழட்டிப் பாக்கணும். டார்ஷன் பார, அதாவது ஸ்பிரிங் வேலைய செய்யுற முறுக்குக் கம்பிய, கழட்ட வேண்டி வந்தா இடது வலது மாறாம பெயின்ட்ல மார்க் பண்ணிருங்க, ஒரு பக்கமா முறுக்கிப் பழகுன கம்பிய மறுபக்கம் போட்டா உடைய வாய்ப்பிருக்கு. சென்னை பக்கம் வந்தா ஜி.பி. ரோட்டுல புது சாமான், புதுப்பேட்டையில பழைய சாமான். பழசுல பால் ஜாயிண்ட், டை ராட் எண்டு மட்டும் வாங்காதீங்க, அதெல்லாம் தேஞ்சதாலதான் அங்க வந்திருக்கும்.

கேள்வி: ஒரு பக்க ஸ்ட்ரட்ல மட்டும் ஆயில் லீக். ஒண்ணு மட்டும் மாத்துனா போதாதா?
- வாசகர், வேலூர்

பதில்: ஜோடியா மாத்துங்க. புதுசு ஒரு பக்கமும் தளர்ந்தது ஒரு பக்கமும் இருந்தா குண்டு குழியில வண்டி ஒரு பக்கமா குதிக்கும். வீட்டுல நீங்களே கழட்டுற ஐடியா இருந்தா, ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாம மேல் நட்ட மட்டும் தொடாதீங்க, அந்த ஸ்பிரிங் அமுங்கி உக்காந்திருக்கு, நட்டு வெளிய வந்தா முகத்துக்குத்தான் வரும். வண்டியிலருந்து மொத்தமா இறக்கி, கம்ப்ரஸர் இருக்கிற கடைக்கு தூக்கிட்டுப் போயிருங்க.