பந்தில் இருப்பது ஜட்ஜின் கையெழுத்தா, விற்பவரின் கையெழுத்தா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். பதினொரு வயது மகனுக்கு யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஆரன் ஜட்ஜ் என்றால் உயிர். அவர் கையெழுத்திட்ட பந்து ஒன்று இணையத்தில் 150 டாலருக்கு வந்திருக்கிறது. ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறது, சான்றிதழும் தருகிறார்களாம். பிறந்தநாளுக்கு வாங்கலாமா? இல்லை, மைதானத்துக்கே போய்க் கையெழுத்து வாங்க முடியுமா? எங்களுக்கு இந்த ஆட்டமே புதிது.

பதில்: வாங்காதீர்கள். ஜட்ஜ் போன்ற ஒருவர் சாட்சி முன்னிலையில் கையெழுத்திட்ட பந்து, அதிகாரபூர்வமாக விற்கும் இடங்களில் பல நூறு டாலர் போகிறது. உண்மையான பந்தைக் கையில் வைத்திருப்பவர் அதை 150க்குத் தள்ளிவிட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அதே விற்பனையாளரின் மற்ற பொருள்களைப் பாருங்கள். இன்னும் பத்து ஜட்ஜ் பந்து, மற்ற நட்சத்திர வீரர்களில் நாலு ஒட்டானி, இரண்டு மைக் ட்ரவுட் என்று வரிசையாக இருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. சர்க்கார் முத்திரை என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி எதுவும் கிடையாது. விற்பவரே தன் கணினியில் அடித்து, தங்க நிற ஓரம் போட்டு அச்சிட்ட தாள் அது. கலிபோர்னியாவில், கையெழுத்துப் பொருள் விற்கும் வியாபாரி சான்றிதழ் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சான்றிதழை எழுதிக் கையொப்பமிடுவது அதே வியாபாரி! திருடனிடமே காவல் சாவியைக் கொடுத்த கதை. 1990களின் இறுதியில் சான்டியேகோ எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் ஒரு பெரிய போலிக் கும்பலை வளைத்தபோது, அவர்கள் எழுதித் தள்ளிய பந்துகளோடு சான்றிதழ் கொடுக்கத் தனியாக ஆள் வைத்திருந்ததும் வெளியே வந்தது. பிடிபட்டவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லும் பேஸ்பால் பந்துகூட இருந்தது. அதற்கும் வாங்க ஆள் இருக்கும் என்று நம்பித்தானே எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது ஹோலோகிராம். உங்கள் பந்தில் ஒட்டியிருப்பது யாருடைய ஹோலோகிராம்? விற்பவர் தன் கடைப் பெயரில் அச்சிட்டதென்றால் அது வெறும் பளபளப்பு ஸ்டிக்கர். எம்.எல்.பி. (மேஜர் லீக் பேஸ்பால்) எனப்படும் லீக்கே ஒட்டியதென்றால் அது வேறு விஷயம். ஆபரேஷன் புல்பென்னுக்குப் பிறகு 2001ல் லீக் ஒரு திட்டம் தொடங்கியது. காவல்துறைப் பணியில் இருந்த அனுபவமுள்ளவர்கள் நேரில் பார்த்ததை மட்டும் உறுதிசெய்து, எண் போட்ட ஹோலோகிராம் ஒட்டுவார்கள். அந்த எண்ணை லீக்கின் இணையதளத்தில் அடித்தால் விவரம் வரும். அதை நம்பலாம்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. எத்தனையோ பேர் பணத்தை விடுவது இங்கேதான் என்பதால் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். லீக்கின் ஹோலோகிராம் கையெழுத்துக்கு மட்டும் ஒட்டப்படுவதில்லை. ஆட்டத்தில் உண்மையாகவே பயன்பட்ட பந்து, மட்டை, சட்டை, தளப் பை எல்லாவற்றுக்கும் ஒட்டுவார்கள். பெயர் தெரியாத ஒரு பிட்சர் ஏதோ ஓர் ஆட்டத்தில் வீசிய பந்து, அசல் ஹோலோகிராமோடு, குறைந்த விலைக்குக் கிடைக்கும். போலி ஆள் அதை வாங்கி, காலியாக இருக்கும் இடத்தில் ஜட்ஜ் பெயரை எழுதிவிடுவான். இப்போது எண்ணை அடித்துப் பாருங்கள்: எண் உண்மை, பந்து உண்மை, லீக்கின் பதிவும் உண்மை. கையெழுத்து மட்டும் பொய். ஆகவே எண் வருகிறதா என்று பார்ப்பது போதாது; பதிவு என்ன சொல்கிறது என்று வாசியுங்கள். ‘ஆட்டத்தில் பயன்பட்ட பந்து’ என்று மட்டும் இருந்தால், கையெழுத்தைப் பற்றி லீக் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று அர்த்தம். ‘கையெழுத்திட்டது’ என்றும், யார் இட்டது என்றும் வெளிப்படையாக இருக்க வேண்டும். பெயரோடு வேறு வாசகம் எழுதியிருந்தால் அதுவும் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே பந்து ஆட்டத்திலும் பயன்பட்டு, பிறகு சாட்சி முன்னிலையில் கையெழுத்தும் ஆகியிருக்கலாம். அப்போது கையெழுத்துக்கான பதிவும் தனியாகத் தெரியும், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ‘அது பழைய பந்து, அப்போது அப்படித்தான் பதிவார்கள்’ என்று விற்பவர் விளக்கம் சொன்னால், சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் ஆகிய தனியார் நிறுவனங்களும் சரிபார்க்கின்றன. எழுதும்போதே தங்கள் ஆள் நின்று பார்த்தது ஒரு வகை. எழுதியதைப் பிறகு பார்த்துக் கருத்துச் சொல்வது இன்னொரு வகை. இரண்டாவது கருத்துதான், சாட்சியம் இல்லை. ஸ்டிக்கர் எந்த வகை என்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி நிதி திரட்டும் விருந்துகளில், வீரர் கையெழுத்தோடு சட்டமிட்ட ஜெர்சியை மௌன ஏலத்துக்கு (விலையைத் தாளில் எழுதிக் கேட்பது) வைப்பார்கள். நல்ல காரியத்துக்குத்தானே என்று கேள்வி கேட்காமல் விலை கேட்டுவிடுகிறோம். அந்த ஜெர்சியைப் பெரும்பாலும் ஓர் இடைத்தரகர்தான் கொண்டுவந்து வைத்திருப்பார். அவர் குறித்த தொகைக்கு மேலே வருவது மட்டுமே பள்ளிக்குப் போகும். அங்கேயும் இதே சோதனைதான்.

சரி, நேரில் வாங்க முடியுமா? முடியும். ஆனால் யாங்கி ஸ்டேடியத்தில் நிற்காதீர்கள். காரணம் மிக எளிது. ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் பேட்டிங் பயிற்சி செய்யும். சொந்த ஊர் அணி முதலில், வெளியூர் அணி பிறகு. பொதுமக்களுக்குக் கதவு திறப்பது ஆட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால்தான். அதற்குள் சொந்த அணி பயிற்சியை முடித்து உள்ளே போயிருக்கும். டிக்கெட்டுக்கு இவ்வளவு வசூலிப்பவர்கள் குழந்தைகளுக்காகக் கதவை ஒரு மணி நேரம் முன்னதாகத் திறக்கக் கூடாதா? மாட்டார்கள். ஆகவே தலைகீழாகப் போங்கள்: யாங்கீஸ் வெளியூர் அணியாக ஆடும் இடத்துக்கு.

உங்களுக்குப் பக்கத்தில் அப்படி இரண்டு உண்டு. ஒன்று, குவீன்ஸில் மெட்ஸ் அணியின் சிட்டி ஃபீல்ட். ஆனால் அந்த ஆட்டங்களுக்குக் கூட்டம் பிதுங்கும். இரண்டாவது, எடிசனிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரத் தூரத்தில் பால்டிமோர் அணியின் கேம்டன் யார்ட்ஸ் மைதானம். இரு அணிகளும் லீக்கின் ஒரே பிரிவில் இருப்பதால் யாங்கீஸ் ஒவ்வோர் ஆண்டும் அங்கே போகிறது. இரண்டு மைதானத்திலும் வெளியூர் அணி உட்காரும் டக்அவுட் மூன்றாம் தளப் பக்கம், அதாவது பேட்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் இடது கைப்பக்கம். டிக்கெட்டை அந்தப் பக்கத்துக் கீழ்த்தளத்தில் எடுங்கள். மலிவு என்று மேல்தளத்தில் எடுத்துவிட்டுக் கீழே வந்தால், சீருடைப் பணியாளர் டிக்கெட் கேட்டுத் திருப்பி அனுப்பலாம். மாலை 7 மணி ஆட்டமென்றால் 5 மணிக்கே கதவில் நில்லுங்கள். திறந்ததும் நேராக டக்அவுட்டின் வெளிமைதான முனைக்கு, அதாவது பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கும் முனைக்குப் போங்கள். பயிற்சி முடித்து வீரர்கள் திரும்பும் சில நிமிடங்கள்தான் முதல் வாய்ப்பு. ஆட்டத்துக்கு அரை மணிக்கு முன் எல்லைக் கோட்டோரம் ஓடி உடம்பைத் தளர்த்த வருவார்கள்; அது இரண்டாவது. தேசிய கீதத்துக்குப் பிறகு கேட்காதீர்கள். அன்றைக்கு வீசப்போகும் பிட்சரிடமும் கேட்காதீர்கள்.

முதல் நாள் இரவு ஆட்டம், மறுநாள் பகல் ஆட்டம் என்று இருந்தால் பகல் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் மைதானப் பயிற்சி இருக்காது. மழை பெய்தாலும் அப்படித்தான், உள்ளே வலைக்கூண்டில் அடித்துவிட்டு வருவார்கள். ஞாயிறு பகல் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போய் வெறும் புல்லைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பலர். வெள்ளிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுங்கள்.

பந்து: ராலிங்ஸ் நிறுவனத்தின் அதிகாரபூர்வ எம்.எல்.பி. பந்து, 25-30 டாலர் ஆகும். நாலைந்து டாலருக்குக் கிடைக்கும் செயற்கைத் தோல் பந்தில் மை பிடிக்காது, வழுக்கும். தையல்கள் இரண்டும் நெருங்கி வரும் குறுகலான இடத்தில், அச்சு எதுவும் இல்லாத பக்கத்துக்கு ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்று பெயர். கையெழுத்து அங்கேதான் வர வேண்டும். பேனா சாதாரண நீலப் பால்பாயின்ட். ஷார்ப்பி மார்க்கரைப் பந்துக்குக் கொடுக்காதீர்கள். தோல் மையை உறிஞ்சி, எழுத்தின் ஓரம் நாளடைவில் விரிந்து ஊதா நிழல் படரும். ஜெல் பேனா விரல் பட்டதும் இழுவிவிடும். ஷார்ப்பி, வீரர் படம் அச்சிட்ட பேஸ்பால் அட்டைக்கும் புகைப்படத்துக்கும் சட்டைக்கும். வழவழப்பான பேஸ்பால் அட்டை என்றால் முந்தின நாளே பேபி பவுடர் துளி தொட்டு, பஞ்சால் மெல்லத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மை முத்து முத்தாக ஒதுங்கி, கையெழுத்து பாதியில் அறுந்து தெரியும். அட்டையிலேயே அச்சாகி வரும் கையெழுத்தையும், மைதானக் கடையில் முழு அணியின் பெயரும் அச்சிட்டு விற்கும் பந்தையும் அசல் என்று ஏமாந்துவிடாதீர்கள்.

கொடுக்கும்போது பேனா மூடி திறந்திருக்க வேண்டும், ஸ்வீட் ஸ்பாட் மேலே பார்க்க வேண்டும். பையன்தான் கேட்க வேண்டும், நீங்கள் இல்லை. “மிஸ்டர் ஜட்ஜ், ப்ளீஸ்” என்று பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். ஒரே ஒரு பொருள். தன் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லட்டும். பெயர் போட்ட பந்துக்குச் சந்தையில் விலை குறையும் என்பது வீரர்களுக்குத் தெரியும். அதனால் இது விற்கப் போவதில்லை என்று புரிந்து மனமுவந்து எழுதுவார்கள். பக்கத்தில் அட்டைக் கட்டோடு நிற்கும் பெரியவர் யாராவது “தம்பி, எனக்கும் ஒன்று வாங்கித் தாயேன்” என்று உங்கள் பிள்ளையிடம் நீட்டினால் மறுத்துவிடுங்கள். அவர் விற்கத்தான் கேட்கிறார். குழந்தைகளைக் கண்டால் வீரர்கள் ஒதுங்கிப் போவதற்கு இவர்களே காரணம். அந்தத் தரகர்களை வெளியே நிறுத்த ஒரு விதி கிடையாது, ஆனால் மேல்தள டிக்கெட்டோடு வரும் குழந்தையை நிறுத்த விதி இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஜட்ஜ் கிடைக்காமல் போகலாம் என்று பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிடைத்தாலும், உங்கள் கண் முன்னே வாங்கிய அந்தப் பந்துக்கு லீக் ஹோலோகிராம் ஒட்டித் தராது. அவர்கள் ஆள் பார்த்தால்தான் கணக்கு. பையனுக்கு அது தேவையும் இல்லை.

தபாலிலும் கேட்கலாம். பையனே கையால் எழுதிய அரைப் பக்கக் கடிதம், ஒரே ஓர் அட்டை, உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய திரும்பு உறை. வீரர் பெயர், நியூயார்க் யாங்கீஸ், 1 ஈஸ்ட் 161வது தெரு, பிராங்க்ஸ், நியூயார்க் 10451 என்று எழுதினால் போய்ச் சேரும். கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அட்டையைப் போட்டுச் சாதாரணத் தபால்தலையோடு அனுப்பினால் தபால் இயந்திரத்தில் சிக்கும். வளையும் உறையே போதும். பதிலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். பந்தை அனுப்பாதீர்கள்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது பிரிட்ஜ்வாட்டர். பாலாஜி கோயில் இருக்கும் அதே ஊர்தான். யாங்கீஸ் அணியின் இரட்டை-ஏ நிலை அணியான (பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே, இளம் வீரர்களைத் தயார்செய்யும் துணை அணி) சாமர்செட் பேட்ரியட்ஸ் 2021 முதல் அங்கே அந்த நிலையில் ஆடுகிறது. ஆந்தனி வோல்பே 2022ல் பெரும்பகுதி அங்கே ஆடிவிட்டு, 2023 தொடக்க ஆட்டத்திலேயே யாங்கீஸ் அணியில் இறங்கினார். ஜட்ஜும் 2015ல், இரட்டை-ஏ அணி டிரெண்டனில் இருந்த காலத்தில், நியூஜெர்சியில்தான் ஆடினார். அன்று வேலியோரம் நின்ற குழந்தைகளுக்கு அவர் கையெழுத்து கிடைப்பது இன்றைக்குப் போலக் கடினமாக இருந்திருக்காது. அந்த நிலையில் ஒரே எதிரணி செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம் தங்கி ஆடும். ஆகவே செவ்வாய் தவறினால் வியாழன் மறுபடி போகலாம். போவதற்கு முன் இணையத்தில் அணிப் பட்டியலை எடுத்து, எண்ணையும் முகத்தையும் பையன் படித்துக்கொள்ளட்டும். சட்டை எண் தெரியாமல் “சார், சார்” என்றால் யாரும் திரும்ப மாட்டார்கள்.

வாங்கிய பந்தை ஒரு மணி நேரமாவது காற்றில் காயவிட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கனசதுரப் பெட்டியில் வையுங்கள். ஜன்னல் ஓரம் வேண்டாம். வெயிலில் மை வெளுத்துவிடும். வார்னிஷ் எதுவும் பூசாதீர்கள், மஞ்சளாகிவிடும். பிறந்தநாளுக்கு இன்னும் நாள் இருந்தால், ஒரு புதுப் பந்தும் இரண்டு நீலப் பேனாவும் சாமர்செட்டுக்கு நாலு டிக்கெட்டும் வாங்கிக் கொடுங்கள்.