திரைக்குப் பின்னால் ஒரு பையன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். மூன்று வருடமாகச் சனி, ஞாயிறுகளில் பிறந்தநாள் வீடுகளுக்கும் பள்ளி விழாக்களுக்கும் போய்ச் சின்னச் சின்ன மேஜிக் செய்கிறேன். கயிறு, பந்து, கர்ச்சீப், கடைசியில் பெட்டியிலிருந்து பொம்மை முயல். என் சரக்கு இவ்வளவுதான். இளமையில் நீங்கள் மேஜிக் ஷோ செய்து அலைந்த கதையை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

எனக்குப் பின்னால் வைக்க, கையோடு எடுத்துப் போகிற மாதிரி ஒரு பேக்டிராப் வேண்டும். என் கொழுந்தனார் ஆசையாக எட்டுக்கு ஆறு ஃப்ளெக்ஸ் ஒன்று அடித்துக் கொடுத்திருக்கிறார். அதில் என் படம், தொப்பி, முயல், நட்சத்திரம் எல்லாம் உண்டு. ஆனால் போகிற இடத்தில் கட்டுவதற்கு ஜன்னல் கம்பி தேடியே பாதி நேரம் போய்விடுகிறது. போட்டோக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்டாண்ட் வாங்கலாமா? சுருட்டி விரிக்கும் ஸ்டாண்டி போதுமா? பிவிசி பைப்பில் நாமே செய்துகொள்ளலாமா? கறுப்பு வெல்வெட்தான் சரி என்கிறார் ஒரு நண்பர். நாடகத்தில் போடுகிற மாதிரி சீன் வரைந்த துணி எடுப்பாக இருக்கும் என்கிறார் இன்னொருவர். போக வர என் ஸ்கூட்டர்தான். அவ்வப்போது புதுச்சேரிக்கும் வருகிறேன். நவம்பர் 14க்கு மூன்று பள்ளிகளில் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்குள் முடிவு செய்யவேண்டும். (என் பெயரைப் போடவேண்டாம்.)

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக் கூடம். பிறந்தநாள் குழந்தைக்கு அவன் அண்ணன், ஆறு வயது இருக்கும். அந்தக் காலத்தில் நான் திரை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு மேஜை, அதன்மேல் முன்பக்கம் தரைவரை தொங்கும் துணி, அவ்வளவுதான். கர்ச்சீப் நிறம் மாறிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன இவன், திரும்பும்போது என் முதுகுப் பக்கமாக வந்தான். நின்றான். குனிந்தான். பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி, “அம்மா, முயலு இங்க பையில தூங்குது!” என்றான்.

அடுத்த நொடியில் இருபது பிள்ளைகளும் மேஜைக்குப் பின்னால். அந்த வீட்டில் அன்றைக்குக் கேக்கைச் சீக்கிரமே வெட்டிவிட்டார்கள்.

ஆகவே துணி, கம்பி என்று பேசுவதற்கு முன்னால், இந்தத் திரை எந்த வேலைக்கு என்று பார்த்துவிடுவோம். சந்தையில் செப்படி வித்தை காட்டுகிறவருக்குத் திரை கிடையாது. சுற்றிலும் கூட்டம், முதுகுக்குப் பின்னாலும் கண்கள். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைக்கும் மடிக்கும் நடுவிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவார். அவருடைய வித்தைகள் அதற்கென்றே உண்டானவை. நம்முடைய பெட்டியும் பையும் அப்படி இல்லை, அவற்றுக்கு ஒரு பின்பக்கம் இருக்கிறது. அந்தப் பின்பக்கத்தை மூடுவதுதான் திரையின் முதல் வேலை. கையில் இருக்கிற பொருள் பளிச்சென்று தெரிய ஓர் அமைதியான பின்னணி தருவது இரண்டாவது. அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

ஃப்ளெக்ஸ் இந்த இரண்டையும் செய்யாது. டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்கும். மடித்த கோடு போகவே போகாது. நட்சத்திரமும் முயலும் அச்சடித்த பரப்புக்கு முன்னால் நீங்கள் பிடிக்கும் ஸ்பாஞ்ச் பந்து, கலர் சட்டையில் விழுந்த சாம்பார் மாதிரி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இன்னொன்றும் உண்டு, கொழுந்தனாரிடம் சொல்லவேண்டாம்: உங்கள் படம் உங்களைவிடப் பெரிதாகப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தால், பிள்ளைகள் அதையும் உங்களையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். நம் ஊரில் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ், கருமாதிக்கும் ஃப்ளெக்ஸ். மேஜிக்கையாவது விட்டுவைப்போம்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் வீட்டில் ஒருவரை நிற்கவைத்துவிட்டு, நீங்கள் ஆறேழு அடி தள்ளித் தரையில் உட்காருங்கள். முதுகைக் கூனிக்கொள்ளுங்கள், உங்கள் கண் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வரட்டும். நம் ரசிகர்களின் உயரம் அதுதான். அங்கிருந்து பார்த்தால், நிற்கிறவர் தலைக்குப் பின்னால் சுவர் தெரியாது. அதற்கும் மேலே, ஃபேனும் ஒட்டடையும் தெரியும். 5 அடி 3 அங்குல உயரமுள்ள ஒருவர் திரைக்கு இரண்டரை அடி முன்னால் நின்றால், முன்வரிசைக் குழந்தையின் கண்ணுக்கு அவர் உச்சந்தலை திரையில் ஏறக்குறைய ஆறரை அடி உயரத்தில் விழும். கையைத் தூக்கினால் இன்னும் மேலே. அதனால் திரை 7 அடிக்குக் குறையக்கூடாது. சுருட்டி விரிக்கும் ஸ்டாண்டி பெரும்பாலும் 6 அடி உயரம், 3 அடி அகலம். தலை மேலே எட்டிப்பார்க்கும், கை இரண்டும் பக்கத்தில் வெளியே நிற்கும். அது கடை வாசலுக்கு ஆனது.

அகலத்துக்கு ஏழெட்டு அடி போதும், ஒரு நிபந்தனையோடு. பக்கவாட்டில் உட்கார்ந்த பிள்ளைக்குத் திரையின் பின்புறம் தெரிந்துவிடும். அதற்காக அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் லாரிதான் பிடிக்கவேண்டும். நான் கண்ட வழி ஜமுக்காளம். பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய், ஜமுக்காளத்தை நீங்களே விரித்துவிடுங்கள், திரையின் அகலத்தைத் தாண்டாமல். ஜமுக்காளம் எங்கே முடிகிறதோ அங்கேதான் பிள்ளைகள் உட்காருவார்கள், வெறுந்தரைக்கு வரமாட்டார்கள். (பெரியவர்களிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள். மாமாக்கள் எப்போதும் பக்கவாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.) திரையைச் சமையலறைக் கதவுக்கு முன்னால் நிறுத்திவிடவும் வேண்டாம். பஜ்ஜித் தட்டோடு யாராவது அதற்குள்ளிருந்து வருவார்கள். கூடத்தில் இரண்டு சுவர் சேரும் மூலை காலியாக இருந்தால், திரையைப் பிரிக்காமல் அந்த மூலையிலேயே நின்று செய்துவிடலாம். எத்தனையோ வீடுகளில் நான் அப்படித்தான் செய்தேன்.

ஸ்டாண்டுக்கு வருவோம். போட்டோக்காரர்களின் ஸ்டாண்டையே வாங்குங்கள். இரண்டு முக்காலிகள், நடுவே இணைத்துக்கொள்ளும் குறுக்குக் குழாய். குழாய் பெரும்பாலும் நாலு துண்டாக வரும். மூன்று துண்டு போட்டால் ஏழரை அடி, இரண்டு போட்டால் 5 அடி, இடத்துக்குத் தகுந்தாற்போல். மடித்தால் மூன்றடி சொச்சம்தான், ஸ்கூட்டரில் காலடியில் சாய்த்து வைத்துவிடலாம். அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். கடலூரில் கடல் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இரும்பு ஸ்குரூ ஒரே வருடத்தில் துருவேறி இறுகிக்கொள்ளும். பிவிசி பைப் மலிவு, எல்போ, டீ என்கிற இணைப்புகள் எந்தப் பைப் கடையிலும் கிடைக்கும், நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஒரு இஞ்ச் பைப்பை ஏழெட்டு அடிக்கு நீட்டித் துணி தொங்கவிட்டால் நடுவில் தொட்டில் மாதிரி தொய்யும். நடுவில் ஒரு கால் கொடுக்கவேண்டும், அப்புறம் அந்தக் காலை மறைக்கவேண்டும்.

எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் எதிரி ஒன்றுதான். மொட்டைமாடியில் ஒரு சித்திரை மாதத்து மாலை. கடற்காற்று சுகமாக வீசிக்கொண்டிருந்தது. கயிற்றை வெட்டிவிட்டு ஒட்டவைக்கிற கட்டத்தில், பாய்மரம் மாதிரி உப்பிய திரை ஸ்டாண்டோடு என் தலைமேல் விழுந்தது. நான் துணிக்குள் துழாவிக்கொண்டிருக்கிறேன், வெளியே கைதட்டல் நிற்கவில்லை. நான் மறைந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள்! எனக்கு வந்த சிரிப்பு, முன்வரிசையில் யார் மேலாவது அந்தக் குழாய் பட்டிருந்தால் என்று நினைத்ததும் நின்றுபோனது.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழரைக்கு ஏழு திரை கிட்டத்தட்ட 5 சதுர மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, அதாவது நாம் ‘ஆஹா’ என்கிற காற்று, அந்தத் திரையை 8, 9 கிலோ பளுவோடு தள்ளும். காற்று இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்காகும், 30 கிலோவுக்கு மேல். முக்காலியின் எடை இதற்கு முன்னால் எம்மாத்திரம்? மணல்மூட்டையைச் சுமந்துகொண்டு அலையவும் முடியாது. பிறந்தநாள் வீடு எதுவானாலும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கும். நிரம்பிய கேன் இரண்டைக் கேட்டு வாங்கி, ஸ்டாண்டுக்கு ஒன்றாக, பின்பக்கக் காலோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு முக்காலியிலும் ஒரு கால் நேராகப் பிள்ளைகள் பக்கம் பார்க்கட்டும், முன்னால் சாயாது. அந்தக் காலை ஜமுக்காளத்து ஓரத்துக்கு அடியில் செருகிவிட்டால் யாரும் தடுக்கியும் விழமாட்டார்கள். மாடியில் காற்று அதற்கும் அடங்கவில்லை என்றால் திரையைக் கழற்றிவிட்டு, அது இல்லாமல் செய்யக்கூடியதை மட்டும் செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெல்வெட்டைச் சொன்ன நண்பர் விஷயம் தெரிந்தவர். கறுப்பு வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கும், அதன் முன்னால் கறுப்பான பொருள் கண்ணுக்கே படாது. 1880களில் பெர்லினில் மாக்ஸ் ஆட்ஸிங்கர் என்பவர் இந்த ஒன்றை வைத்தே ஒரு முழுக் காட்சி நடத்தினார். ஆனால் அதற்கு விளக்கும் மேடையும் நம் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். ஜன்னல் திறந்த கூடத்தில் கறுப்பு வெறும் கறுப்புதான். கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டீர்களானால் தலையும் இரண்டு கையும் மட்டும் மிதக்கும். மூன்று வயதுப் பிள்ளைகள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அம்மாக்கள் செல்போனில் எடுக்கிற வீடியோவிலும் கறுப்புப் பின்னணி இருந்தால் முகம் வெளிறிப்போகும். இதெல்லாம் போகட்டும், உங்கள் நவம்பர் 14 ஐப்பசி அடைமழையில் வருகிறது. ஈரப் பையில் இரண்டு நாள் கிடந்த வெல்வெட்டைப் பிரித்தால் பூஞ்சணமும் வாடையும்தான் மிஞ்சும்.

உங்கள் கயிறு வெள்ளை, பந்து சிவப்பு, கர்ச்சீப் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். இவை எல்லாவற்றுக்கும் பொருந்துவது அடர்நீலம். பளபளப்பில்லாத பாலியெஸ்டர் துணியாக, துவைத்தால் ஒரே இரவில் ஃபேனுக்கடியில் காய்கிற ரகமாகப் பாருங்கள். லாரன்ஸ் ரோட்டு ஜவுளிக்கடையில் போய் நின்றதும் விலை கேட்காதீர்கள். துணியின் ஒரு மூலையைக் கைக்குள் கசக்கி ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் வேண்டாம். பிறகு கடை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலுக்கு எதிரே பிடித்து, பின்னால் உங்கள் கையை ஆட்டிப் பாருங்கள். கடைப்பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும். கையின் நிழல் தெரிந்தால், ஜன்னலுக்கு முன்னால் அந்தத் திரையை நிறுத்தும் நாளில் உங்கள் பையும் முயலும் நிழற்கூத்து ஆடும்.

அளவு: துணியைப் பலகை மாதிரி இறுக்கிக் கட்டக்கூடாது, மடிப்பு மடிப்பாக விழவேண்டும். மடிப்பு இருந்தால் கசங்கல் தெரியாது. அதற்குக் குழாயின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு துணி வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் மூன்று பாகம் சேர்த்துத் தைத்தால் சரியாக வரும். ஏழரை மீட்டர் வாங்குங்கள், மேலே குழாய் நுழைய ஓர் உறையும் கீழே மடிப்பும் போக மிச்சம் கொஞ்சம் இருக்கும். தையல்காரரிடம் கீழ்மடிப்புக்குள் மெல்லிய சங்கிலி ஒன்றை ஓட்டித் தரச் சொல்லுங்கள். துணி தரையைத் தொடவேண்டும், தொட்டே ஆகவேண்டும். தெருக்கூத்தில் வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்களே, மேலே கிரீடமும் கீழே சலங்கைக் காலும் தெரிய, திரைக்குப் பின்னாலிருந்தே பாடி ஆடுவார்களே, அங்கே அந்த இடைவெளிதான் ருசி. நமக்கு அதே இடைவெளியில் பையின் ஜிப் தெரியும். தரையில் உட்கார்ந்திருக்கிறவன் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

சீன் வரைந்த படுதா பற்றி. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானது எங்கள் புதுச்சேரியில்தான், கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. அந்த நாடக மேடையில் தர்பார், தெரு, காடு என்று படுதா மாறினால் கதை நடக்கும் இடமும் மாறியது. உங்கள் முயல் எந்த ஊரில் வெளியே வந்தால் என்ன? படுதா மீது அப்படியே ஆசை இருந்தால், மேலே ஓர் அடி அகலத்துக்கு நிறத் தோரணமாகத் தைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கு நேரே நீங்கள் கையில் பிடிக்கிற பொருளுக்குப் பின்னால் அது வராது.

ஒரு எச்சரிக்கை. குப்பென்று எரிகிற காகிதம் வைத்து வித்தை செய்வதாக இருந்தால் பாலியெஸ்டர் திரைக்குப் பக்கத்தில் வேண்டாம். சிறுபிள்ளைகள் இருக்கிற இடத்தில் அந்த வித்தையே வேண்டாம் என்பது என் கட்சி.

கொழுந்தனார் கொடுத்த ஃப்ளெக்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டு வாசலில் கட்டினால் விலாசம் தேடி வருகிறவர்களுக்கு உதவும். திரும்பும்போது படம் உள்பக்கமாக இருக்கும்படி மடித்து, ஸ்கூட்டரில் துணிப்பையின் மேல் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுங்கள். புதுச்சேரி எல்லையில் முள்ளோடை தாண்டும்போது மழை பிடித்தாலும் திரை நனையாமல் வீடு வந்து சேரும்.