வெயிலில் பின்னும் கால்

வணக்கம்.

எனக்கு 36 வயது. சிங்கப்பூரில், தெம்பனிஸில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று உறுதிசெய்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்கிறேன். புதிய தாக்குதல் எதுவும் இல்லை என்கிறார் டாக்டர். ஆனால் ஈரச்சந்தைக்குப் போய் வந்தாலே இடது கால் பின்னுகிறது, வலது கண்ணில் பனி படர்ந்த மாதிரி மறைக்கிறது. வீட்டில் எல்லாரும் பயந்துபோய் நடக்கவே வேண்டாம் என்கிறார்கள். நானும் நடையை விட்டுவிட்டேன். வெளியே போனால் கழிவறை தேட வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். சோற்றையும் பாலையும் நிறுத்தினால் சரியாகும் என்று உறவினர் சொல்கிறார். ஒவ்வொரு முறை கால் பின்னும்போதும் நரம்பு கெட்டுக்கொண்டே போகிறதா? தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் வேறு இருக்கிறது. எடுக்கலாமா?

வா.

அன்புள்ள வா.,

வெயிலில் கால் பின்னுவதால் நரம்பு கெடுவதில்லை. உங்கள் வீட்டாருக்கும் இதை முதலில் படித்துக் காட்டுங்கள்.

எம்.எஸ். எனப்படும் இந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை ஆங்காங்கே அரிக்கப்பட்டிருக்கும். அந்த இடங்களைச் சமிக்ஞை தட்டுத்தடுமாறித்தான் கடக்கிறது. உடம்பின் உள்வெப்பம் அரை டிகிரி கூடினால் போதும், சமிக்ஞையை நகர்த்தும், நரம்பிலுள்ள சோடியம் வாயில்கள் சீக்கிரமே மூடிக்கொள்ளும். சமிக்ஞை பாதியில் நின்றுவிடும். உடம்பு குளிர்ந்ததும் அது மறுபடி ஓடத் தொடங்கும். உடலை வருத்தி நடந்தபின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-லேயே பதிவு செய்தார். ஸ்கேன் இல்லாத காலத்தில், சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்து இந்த அறிகுறிகளை வரவழைத்தே நோயைக் கண்டறிந்தார்கள்.

அடுத்த முறை இப்படி ஆனால் நிழலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பாருங்கள். குளிர்ந்தபின் அரை மணி, ஒரு மணியில் தெளிந்தால் அது வெப்பத்தின் வேலை. புதிய அறிகுறியோ, பழையது மோசமானதோ காய்ச்சல், தொற்று எதுவும் இல்லாமல் 24 மணி நேரம் நீடித்தால் அது ரிலாப்ஸ், அதாவது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம். அடுத்த சந்திப்புத் தேதிவரை பொறுக்காமல் உங்கள் நரம்பியல் பிரிவுக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

எனக்குக் கவலை தருபவை நீங்கள் நிறுத்திய இரண்டும்தான்: நடையும் தண்ணீரும்.

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு அதனாலேயே கூடும். தேங்கிய சிறுநீரில் தொற்று வந்தால் காய்ச்சல். காய்ச்சல் வந்தால் கால் வலுவிழந்துவிடும். எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றில் எரிச்சல் தெரியாமலே போவதுண்டு. திடீரென்று ஒரு நாள் எழுந்து நிற்கவே முடியவில்லை என்றால் முதலில் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்றிக்கொள்ளும் வகை மருந்து தொற்றை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கக்கூடியது, அதனால் இதில் அசட்டை கூடாது.

டாக்டர் வேறு அளவு சொல்லாதவரை ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் மணிக்கு ஒரு சிறு குவளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திவிடலாம். கோப்பியும் தேநீரும் சிறுநீர்ப்பையைத் தூண்டும். வெளியே கிளம்பும் காலையில் மட்டுமாவது தவிருங்கள். உந்துதல் வரும்வரை காத்திராமல் இரண்டரை மணிக்கு ஒருமுறை போய்வாருங்கள். முடிந்ததும் உடனே எழ வேண்டாம். ஒரு நிமிடம் இருந்து, முன்பக்கம் குனிந்து, மறுபடி முயலுங்கள். மிச்சம் இருப்பது வெளியேறும்.

அடுத்து நடை. எம்.எஸ். உள்ளவர்கள் உடற்பயிற்சி செய்யக்கூடாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். 1996-இல் அமெரிக்காவில் வெளியான 15 வார ஆய்வு ஒன்று, பயிற்சி செய்தவர்களுக்கு வலுவும் மூச்சும் மனநிலையும் மேம்பட்டதைக் காட்டியபின் அந்தப் பேச்சு அடங்கத் தொடங்கியது. இப்போது வாரத்துக்கு 150 நிமிடம் என்பதே பொதுவான இலக்கு. நீங்கள் பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்குங்கள். ஓய்வைக் களைத்தபின் எடுக்காமல், களைப்பு வரும் முன்பே எடுங்கள். இது பலருக்கும் வருவதில்லை. நன்றாக இருக்கும் நாளில் சந்தை, சமையல், துணி எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் ஆகக் குளிர்ந்த நேரம் விடிவதற்குச் சற்று முன்பு, சுமார் 25 டிகிரி. சந்தைக்கு ஆறரைக்குப் போய் ஏழரைக்குள் திரும்பிவிடுங்கள். கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பே உடம்பைக் குளிர்வித்துக்கொள்வது, சூடேறியபின் தணிப்பதைவிட நன்றாக வேலை செய்யும். இரண்டு ‘குட் மார்னிங்’ துண்டுகளை (மெல்லிய பருத்தித் துண்டுகள்) முந்தைய இரவே நனைத்துப் பிழிந்து, சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் விறைத்துக் கழுத்தில் படியாது. ஐஸ் தண்ணீர் ஒரு குவளையை மெதுவாகக் குடித்துவிட்டு ஒரு துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். மற்றதை ஐஸ் பையோடு சாப்பாட்டுப் பையில் வைத்து, முதல் துண்டு சூடானதும் மாற்றுங்கள். ஈரம் காய்ந்துதான் குளிரவைக்கும் என்று விற்கும் துண்டுகள் வறண்ட ஊருக்கு ஏற்றவை. இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஈரம் காயாது, துணியே குளிர்ந்திருக்க வேண்டும். மரத்துப்போன தோலில் ஐஸ் பையை நேரடியாக வைக்காதீர்கள், புண்ணாவது தெரியாது.

வீட்டில், நாற்காலியில் இருந்து கையூன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள். இடைவெளி விட்டு இன்னொரு 10. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். குளிரூட்டி 25 டிகிரியில் இருக்கட்டும்; அதிகம் குளிர்ந்தால் சிலருக்குத் தசை இறுகும். நீச்சல் குளமும் நல்லது, தண்ணீர் வெதுவெதுப்பாக இல்லாதவரை.

உங்கள் இடது காலணியின் முன்நுனியைத் திருப்பிப் பாருங்கள். வலதைவிட அதிகம் தேய்ந்திருந்தால் பாதம் தூக்காமல் தரையில் உரசுகிறது என்று அர்த்தம். அதை எடுத்துப்போய் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். கணுக்கால் பட்டை தேவையா என்று பார்ப்பார். அதுவரை குதிகால் பட்டை இல்லாத செருப்பு வேண்டாம்.

சோற்றையும் பாலையும் நிறுத்த வேண்டியதில்லை. எம்.எஸ். நோயை நிறுத்தும் உணவு என்று நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. காய்கறி, மீன், பருப்பு, அளவான உப்பு, ஏறாத எடை, அவ்வளவுதான். வைட்டமின் டி அளவை இரத்தத்தில் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் அளவில் மட்டும் எடுங்கள். கண்காணிப்பு இல்லாமல் ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டைத் தாண்டினால் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ சூரணம், லேகியம் எதையும் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். உங்கள் நரம்பைத் தாக்குவதே அந்த எதிர்ப்பு சக்திதான். வீட்டில் யாராவது புகைத்தால் அது வெளியே போகட்டும், புகை இந்த நோயை வேகப்படுத்தும்.

பால்குடத்துக்கு வருகிறேன். உங்கள் டாக்டர் சரி என்றால், எடுக்கலாம் என்பதே என் எண்ணம். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் இப்போது உங்களால் முடியாது. மாதாமாதம் நடையைக் கூட்டிப் பாருங்கள். வீட்டருகே விடியற்காலையில் அந்தத் தூரத்தைச் சிரமமின்றி நடக்க முடிந்தால் பதிவு செய்யுங்கள், முடியாவிட்டால் கோயிலிலேயே பாலைச் செலுத்திவிடலாம். பால்குடங்கள் நள்ளிரவை ஒட்டியே புறப்படத் தொடங்கும். அந்த நேரத்தையே கேட்டு வாங்குங்கள், பகல் வேளை வேண்டவே வேண்டாம். நோன்பு இருந்தாலும் தண்ணீரையும் மருந்தையும் விடாதீர்கள். இடது பக்கத்தில் ஒருவர் கூடவே வரட்டும், குளிர்ந்த துண்டும் அவர் கையில் இருக்கட்டும். வெறுங்காலில் நடப்பதால், மரத்த பாதத்தில் கல்லோ கண்ணாடியோ குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. முடித்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் கைக்கண்ணாடியைக் கீழே வைத்து, குதிகாலில் இருந்து விரலிடுக்குவரை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.