கூடும் மூலம், கூடா மூலம்: வாசகர் கணக்குக் கேள்விகள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் √12 + √27 = √39 என்று எழுதுகிறாள். தப்பு என்று எனக்குத் தெரிகிறது. ஏன் தப்பு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: √9 + √16 எவ்வளவு என்று முதலில் அவளைக் கேளுங்கள். 3ம் 4ம் சேர்ந்து 7 என்பாள். அவளுடைய வழியில் போனால் √25, அதாவது 5. இரண்டு எங்கே போயிற்று என்று அவளே தேடட்டும். √4 × √9 = √36 என்று பெருக்கலில் இது சரியாக வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் கை கூட்டலுக்கும் அதையே எழுதுகிறது.

படம் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. 12 சதுர செ.மீ. பரப்புள்ள சதுரம் ஒன்று, 27 சதுர செ.மீ. சதுரம் ஒன்று, காகிதத்தில் வெட்டி ஒரே கோட்டில் பக்கம் பக்கமாக வையுங்கள். அடிப்பக்கம் முழுவதையும் ஸ்கேலால் அளந்தால் ஏறக்குறைய 8.66 செ.மீ. வரும். அதுதான் √12 + √27. இரண்டு காகிதத்தின் பரப்பையும் சேர்த்து ஒரே சதுரமாகச் செய்தால் அதன் பக்கம் √39, சுமார் 6.24 செ.மீ. அவள் கூட்டியது பரப்பை; கேள்வி கேட்டது நீளத்தை.

இனி சரியான வழி. 12 = 4 × 3, எனவே √12 = 2√3. 27 = 9 × 3, எனவே √27 = 3√3. இரண்டிலும் √3 இருப்பதால் கெழுக்களை, அதாவது மூலத்துக்கு முன்னால் நிற்கும் எண்களை, மட்டும் கூட்ட வேண்டும்: 5√3. இங்கே இன்னொரு வழுக்கல் உண்டு, 5√6 என்று எழுதுவது. இரண்டு படி அரிசியும் மூன்று படி அரிசியும் ஐந்து படி அரிசிதான். கூட்டினதால் அரிசி வேறு தானியமாகிவிடாது.

கேள்வி: √72 + √50 கணக்கில் 3√8 + 5√2 வரை வந்துவிட்டேன். மூலத்துக்குள் 8ம் 2ம் வேறு வேறாக இருப்பதால் கூட்ட முடியாது என்று விட்டுவிட்டேன். விடை 11√2 என்று இருக்கிறதே?
– மாணவர், தேனி

பதில்: பாதி வழியில் இறங்கிவிட்டீர்கள். 8க்குள் இன்னும் ஒரு 4 ஒளிந்திருக்கிறது. 3√8 = 3 × 2√2 = 6√2. அதோடு 5√2 சேர்ந்தால் 11√2. 72ஐ 9 × 8 என்று பிரித்தது தவறில்லை, ஆனால் உள்ளே மிஞ்சும் எண் 4, 9, 25, 49 போன்ற எந்த வர்க்க எண்ணாலும் வகுபடாத நிலை வரும் வரை நிறுத்தக் கூடாது. பகாக் காரணிகளாக எழுதினால் தப்பவே தப்பாது: 72 = 2 × 2 × 2 × 3 × 3. ஜோடி ஒன்றுக்கு ஓர் எண் வெளியே வரும். வெளியே வந்த 2ஐயும் 3ஐயும் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. √72ஐ 5√2 என்று எழுதுபவர்கள் வழுக்குவது அங்கேதான்.

ஒரு குறுக்கு வழியும் சொல்கிறோம். கணக்கில் ஒரு மூலம் √2 என்று ஆகிவிட்டால் மற்ற எண்களையும் 2ஆல் வகுத்துப் பாருங்கள். 72 ÷ 2 = 36, முழு வர்க்கம், வேலை முடிந்தது. √48, √75, √147 மூன்றும் சேர்ந்து வந்தால் மூன்றையும் 3ஆல் வகுங்கள்: 16, 25, 49.

கேள்வி: போட்டித் தேர்வில் நேரம் குறைவு. இரண்டு மூலங்கள் ஒன்றாகச் சேருமா, சேராதா என்று எளிமையாக்காமலே சொல்ல முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: முடியும். உள்ளே இருக்கும் இரண்டு எண்களையும் பெருக்குங்கள். பெருக்கற்பலன் முழு வர்க்கமானால் சேரும், இல்லாவிட்டால் சேராது. 2 × 8 = 16, சேரும். 3 × 7 = 21, சேராது.

இது நேற்று வந்த தந்திரம் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதம் என்ற இயற்கணித நூலில் இத்தகைய மூலங்களைக் கரணி என்று அழைத்து, 2ம் 8ம், 3ம் 27ம், 3ம் 7ம் ஆகிய ஜோடிகளின் கூட்டலையும் வித்தியாசத்தையும் சொல் நண்பனே என்று கேட்கிறார். மூன்றாவது ஜோடி வேண்டுமென்றே வைத்த பொறி. அதைத் தனித்தனியாகத்தான் விட வேண்டும்.

அவர் முறையில் விடையையும் எடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் எண்கள் அ, ஆ என்றால், கூட்டலின் வர்க்கம் அ + ஆ + 2√(அ × ஆ). வித்தியாசத்துக்கு நடுவில் கழித்தல் குறி. 2, 8 ஜோடிக்கு 2 + 8 + 2 × 4 = 18. ஆக √2 + √8 = √18, அதாவது 3√2. வித்தியாசத்தின் வர்க்கம் 10 − 8 = 2, ஆக வித்தியாசம் √2. கொஞ்சம் பெரிய எண்ணில் பாருங்கள்: 75 × 147 = 11025, அது 105இன் வர்க்கம். 75 + 147 + 210 = 432, √432 = 12√3. 222 − 210 = 12, √12 = 2√3. எளிமையாக்கிச் சரிபார்த்தால் 5√3, 7√3. கூட்டல் 12√3, வித்தியாசம் 2√3.

ஓர் எச்சரிக்கை. வர்க்கப்படுத்தும்போது குறி தொலைந்துவிடும். √2 − √8 என்று கேட்டாலும் இந்த முறை √2 என்றே காட்டும். உண்மையான விடை −√2. எது பெரியது என்று பார்த்துக் குறியை நீங்கள்தான் போட வேண்டும். பெரிய எண்களுக்குப் பெருக்கற்பலனின் மூலம் தேடுவதும் நேரம் தின்னும். எங்களைக் கேட்டால், சேருமா என்று பார்க்க மட்டும் இதை வைத்துக்கொண்டு, விடைக்கு எளிமையாக்கும் வழியிலேயே போகலாம்.

கேள்வி: √2 + √3 அதற்கு மேல் போகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிரூபிக்க முடியுமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: வர்க்கப்படுத்துங்கள்: 5 + 2√6. √2 + √3 ஏதோ ஒரு முழு எண்ணின் வர்க்கமூலம் என்றால் இது முழு எண்ணாக இருக்க வேண்டும். அப்படியானால் √6 ஒரு விகிதமுறு எண்ணாகிவிடும் (முழு எண்களின் பின்னமாக எழுதக்கூடிய எண்), ஆனால் √6 அப்படிப்பட்டது இல்லை. எனவே முடியாது. √(5 + 2√6) என்று ஒரே குறிக்குள் திணிக்கலாம்தான், ஆனால் அது எளிமை இல்லை. விடைத்தாளில் √2 + √3 என்றே விடுங்கள். அதுவே முழு விடை.

கேள்வி: √50 − (√8 − √18). எனக்கு 0 வருகிறது. விடைக் குறிப்பில் 6√2.
– வாசகர், சேலம்

பதில்: மூலத்தில் தப்பில்லை, அடைப்புக்குறியில்தான் தப்பு. வெளியே உள்ள கழித்தல் குறி உள்ளே இருக்கும் இரண்டையும் தொடும்: 5√2 − 2√2 + 3√2 = 6√2. நீங்கள் போட்டது √50 − √8 − √18, அது உண்மையிலேயே 0தான்.

அந்த 0ஐ வைத்தே இன்னொரு கடிதத்துக்கும் பதில் சொல்லிவிடலாம். கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு தசம இடத்துக்குச் சுருக்கிப் போட்டுப் பாருங்கள்: 7.1 − 2.8 − 4.2 = 0.1. இல்லாத ஒன்று முளைத்துவிட்டது. கால்குலேட்டர் சரிபார்க்க நல்லது. சுருக்குவதைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூலத்துக்குள் எழுத்தும் பின்னமும் வந்தால்?
– ஆசிரியப் பயிற்சி மாணவி, நாகர்கோவில்

பதில்: பின்னத்தில் முதலில் பகுதியிலுள்ள மூலத்தை அகற்றுங்கள். √(1/3) = √3/3. எனவே √12 + √(1/3) = 2√3 + √3/3 = 7√3/3.

எழுத்தில்தான் கவனம் வேண்டும். √(12அ²) + √(27அ²) விடை 5அ√3 என்று எழுதுகிறார்கள். அ = −1 என்று போட்டால் இடப்பக்கம் மிகை எண், வலப்பக்கம் குறை எண். சரியான விடை 5|அ|√3; |அ| என்ற மட்டுக்குறி அ-வின் குறியை நீக்கிய மதிப்பைக் காட்டும். ஆனால் √(8அ³) + அ√(18அ) கணக்கில் மட்டுக்குறி தேவையில்லை. அ குறை எண்ணாக இருந்தால் உள்ளே குறை எண் வந்து மூலமே மெய்யெண்ணாக இராது. ஆகவே நேராக 2அ√(2அ) + 3அ√(2அ) = 5அ√(2அ).

கேள்வி: √5ஐயும் 5இன் கனமூலத்தையும் கூட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடாது, அவை ஒன்றாகச் சேரா. ஆனால் √5ஐயும் 25இன் நான்காம் மூலத்தையும் கூட்டலாம்; 25இன் நான்காம் மூலமும் √5தான், எனவே விடை 2√5.