கூண்டைத் திறந்துவிட்டால் கதை முடிந்துவிடுமா?

சிறுவர் கதை எழுதும் வாசகர்களின் கேள்விகளுக்கு எங்கள் ஆசிரியர் குழு பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வளர்ப்புப் பறவைக் கதைகள்.

கேள்வி (மதுரை): என் கதையில் ஒரு சிறுவன், கடையில் வாங்கிய லவ் பேர்ட்ஸ் ஜோடியைக் கடைசியில் மொட்டைமாடியில் வைத்துப் பறக்கவிடுகிறான். நல்ல முடிவுதானே? ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

பதில்: முடிவு நல்ல மனசோடு எழுதியதுதான். ஆனால் அந்த ஜோடி இரண்டொரு நாளில் செத்துப்போகும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டம் கூட்டமாகத் திரியும் பறவை அது. கடைக்கு வருவதோ பல தலைமுறையாகக் கூண்டுக்குள்ளேயே பொரித்தது. கிண்ணத்துத் தினையைத் தவிர வேறு இரை தேடத் தெரியாது. பளிச்சென்ற மஞ்சளும் நீலமும் காக்கைக்கும் வல்லூறுக்கும் எட்டத்திலிருந்தே தெரியும். கதையைப் படிக்கிற பிள்ளை மறுநாளே அதைச் செய்து பார்க்கும் என்பதுதான் எங்கள் கவலை.

விடுதலைதான் வேண்டுமென்றால் அதை அறைக்குள் வையுங்கள். ஜன்னலைச் சாத்த வேண்டும், நிலைக்கண்ணாடி மேல் துணி போட வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும். பிறகு கூண்டுக் கதவைத் திறந்தால், பறவை உடனே வெளியே வராது. வாசல் கம்பியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும். சிறுவன் அசையாமல் காத்திருக்க வேண்டும். அது பறக்கிற நேரம் பார்த்துத் தாத்தா உள்ளே வந்து, “என்ன புழுக்கம்!” என்று ஃபேன் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனால் போதும், வாசிக்கிற பிள்ளை கத்திவிடும். மொட்டைமாடிக் காட்சியில் இந்தப் பதற்றம் கிடைக்காது.

கேள்வி (தஞ்சாவூர்): கிராமத்து வீட்டுத் திண்ணையில் கூண்டுக்கிளி இருப்பதாக எழுதலாமா?

பதில்: இன்றைய வீடு என்றால் வேண்டாம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு முந்தைய காலத்துக் கதை என்றால், காலம் முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும்.

இன்றைக்கே நடக்க வேண்டுமென்றால், பட்ட பனைமரத்துப் பொந்தைக் கதைக்களமாக்குங்கள். மரத்தை வெட்ட ஆள் வருகிறது, பொந்துக்குள் குஞ்சு இருப்பது சிறுமிக்கு மட்டும் தெரியும். குஞ்சு இறக்கை முளைத்துக் கூட்டை விட்டு வெளிவர ஏழு வாரம் போல ஆகும். அதுவரை வெட்டாமல் தள்ளிப்போட அவள் என்னென்ன சாக்குச் சொல்கிறாள் என்பதே கதை. ஓவியரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: குஞ்சின் கழுத்தில் சிவப்பு வளையம் வரக்கூடாது. வளையம் ஆணுக்குத்தான், அதுவும் இரண்டு மூன்று வயதுக்கு மேல்தான்.

கேள்வி (கோயம்புத்தூர்): நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட எழுதுகிறேன். எவ்வளவு நீளம் இருக்கலாம்? பறவை பேசலாமா?

பதில்: 16 பக்கப் படப்புத்தகத்தில் தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்கு 12 பக்கம் போலக் கிடைக்கும். பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து சொல் போதும். ஓவியத்தில் தெரிவதை மறுபடி எழுதாதீர்கள்.

பறவை பேசலாம். ஆனால் யாரோடு பேசும் என்பதை முதல் பக்கத்திலேயே முடிவுசெய்து, கடைசிவரை அதை மாற்றாமல் இருங்கள். பறவைகளுக்குள் மட்டும் பேசிவந்த ஒன்று, எட்டாம் பக்கத்தில் திடீரென்று அம்மாவிடம் புத்திமதி சொன்னால் பிள்ளைக்குக் குழம்பும். நீங்கள் அனுப்பிய வரி இது: “என்னைச் சிறை வைத்த மனித குலமே, வானம் என் உரிமை அல்லவா?” மேடைப் பேச்சு. அதே இடத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

பானு தினைக்கதிரை நீட்டினாள். மணி ஓர் அடி பின்னால் போனது. கதிரைப் பார்த்தது. பானுவைப் பார்த்தது. மறுபடி கதிரைப் பார்த்தது. அரை அடி முன்னால் வந்தது.

வாசிப்பவர் ஒவ்வொரு புள்ளியிலும் நிறுத்தலாம், பிள்ளையும் கூடவே தலையாட்டும். பறவையின் மனசு அதன் கால்களிலேயே தெரிந்துவிடுகிறது.

கேள்வி (நாகர்கோவில்): கதையில் பறவை இறக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

பதில்: “செத்துப்போச்சு” என்றே சொல்லுங்கள். “தூங்கிவிட்டது” என்று எழுதினால், அன்று ராத்திரி பிள்ளை தூங்கப் பயப்படும். அடுத்ததாக “ஏன்?” என்று கேட்கும், அதற்குக் கதையில் பதில் இருக்க வேண்டும். லவ் பேர்ட்ஸ் நன்றாகக் கவனித்தால் ஐந்திலிருந்து பத்து வருஷம் இருக்கும், ஆகவே வயதாகிவிட்டது என்பது ஒன்று. இன்னொன்று, அடுப்பில் காலியாகக் காய்ந்துபோன நான்ஸ்டிக் சட்டியின் புகை. மனிதருக்குச் சட்டென்று ஒன்றும் தெரியாத அந்தப் புகை, சின்னப் பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். ஆனால் சட்டியை அடுப்பில் மறந்தது கதையில் வரும் சிறுமியாக இருக்கக்கூடாது. அந்தக் குற்ற உணர்ச்சியைச் சின்னக் கதை தாங்காது.

பறவை நோயை மறைத்துக்கொள்ளும். இறகைப் புஸ்ஸென்று உப்பவைத்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்காருவது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, இவை வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். இதை இரண்டு பக்கம் முன்னாலேயே, பெயர் சொல்லாமல் ஒரு வரியில் காட்டிவிடுங்கள். மறுநாளே அப்பா புதுக் குருவி வாங்கிவருகிற பக்கத்தை மட்டும் அடித்துவிடுங்கள். கூண்டு கொஞ்ச நாள் காலியாகவே இருக்கட்டும்.

கேள்வி (சென்னை): ஓவியருக்கு என்னென்ன குறிப்புக் கொடுக்க வேண்டும்?

பதில்: கால் விரல்தான் முதலில். கிளி இனம் எல்லாவற்றுக்கும் இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால். கோழிக்கால் மாதிரி மூன்று முன்னால் வரைந்து அனுப்புகிறார்கள். பட்ஜெரிகரில் அலகுக்கு மேலுள்ள மூக்குப்பகுதி, வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. முழு மஞ்சள், முழு வெள்ளை ஆண்களுக்கு அது இளஞ்சிவப்பாகவே இருந்துவிடும். புறாக் கதை என்றால் கூட்டில் இரண்டே முட்டை. குஞ்சுக்குத் தாய் புழு ஊட்டுவதாக வரையக்கூடாது. தாயும் தகப்பனும் தங்கள் தொண்டைப்பையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டும், குஞ்சு தன் அலகைப் பெரியதின் வாய்க்குள் விட்டுக் குடிக்கும்.