ஒரு லெப்டொப், ரெண்டு மொனிட்டர்: கேள்வி பதில்

ஹட்டன்: அண்ணே, லெப்டொப்ல எச்.டி.எம்.ஐ ஒன்னுதான் இருக்கு. ரெண்டு மொனிட்டர் போடணும். ஸ்ப்ளிட்டர் வாங்கினா சரிவருமா?

பதில்: வராது தம்பி. ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தைத்தான் ரெண்டுலயும் காட்டும். டைப்-சி போர்ட் இருந்தா, அதுல படம் வெளிய போகுமான்னு மொடல் நம்பரைப் போட்டுத் தேடிப் பாருங்க. பக்கத்துல தண்டர்போல்ட் மின்னல் குறியோ டிஸ்பிளேபோர்ட் குறியோ இருந்தா போகும். குறி இல்லாமலும் சிலதுல போகும். போச்சுன்னா சாதாரண டைப்-சி எச்.டி.எம்.ஐ கன்வேர்ட்டரே போதும், டிரைவர் வேணாம்.

போகலன்னா, படத்தைச் சுருக்கி யூ.எஸ்.பி வழியா அனுப்புற டிஸ்பிளேலிங்க் சிப் உள்ள யூ.எஸ்.பி 3 அடப்டர் வாங்கணும். பெட்டியில அந்தப் பேர் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. பேர் தெரியாத சிப்புக்கு விண்டோஸ் மாறினா டிரைவர் கிடைக்காமப் போகலாம். டிரைவரை முதல்ல போட்டுட்டு அப்புறம் அடப்டரைக் குத்துங்க. விண்டோஸ் பட்டனோட P எழுத்தை அழுத்தி, ரெண்டு திரையிலயும் வேற வேற படம் வர்ற எக்ஸ்டென்ட் எடுங்க.

பண்டாரவளை: எம்1 மெக்புக் எயார். ஒரு போர்ட்டைப் பலதாக்குற ஹப்ல ரெண்டு எச்.டி.எம்.ஐ இருக்கு, ரெண்டுலயும் ஒரே படம்.

பதில்: ஹப் பழுதில்லை. எம்1, எம்2 எயார் நேரடியா ஒரு வெளி மொனிட்டரைத்தான் தாங்கும். ரெண்டாவதுக்கு டிஸ்பிளேலிங்க் அடப்டர்தான். அதோட டிஸ்பிளேலிங்க் மெனேஜர் மென்பொருளைப் போட்டு, பிரைவசி செட்டிங்ஸ்ல ஸ்க்ரீன் ரெக்கோடிங் அனுமதி கொடுங்க, இல்லன்னா படமே வராது. காசு கட்டிப் படம் பார்க்கிற தளங்கள்ல திரை கறுப்பாகலாம். திரையைப் பதிவு பண்றாங்கன்னு நினைச்சு அது தடுக்குது.

தலவாக்கலை: பழைய வீ.ஜி.ஏ மொனிட்டர், கன்வேர்ட்டர் போட்டும் "நோ சிக்னல்".

பதில்: எச்.டி.எம்.ஐ போர்ட் கொடுக்கிற கரண்ட் அதுக்குப் பத்தாம இருக்கலாம். தனி பவர் வயர் உள்ளதா வாங்குங்க. இடி முழங்குறப்போ எல்லாத்தையும் சுவர்ல இருந்து கழற்றுங்க.

பதுளை: யூ.எஸ்.பி 2லயே டிஸ்பிளேலிங்க் ஓடுதே. 3 வேணும்னு ஏன் பயமுறுத்துறீங்க?

பதில்: ஓடாதுன்னு நான் சொல்லல. கணக்கைப் பாருங்க. 1920 × 1080 புள்ளி, புள்ளிக்கு 24 பிட், செக்கனுக்கு 60 தடவை: கிட்டத்தட்ட 3 ஜிகாபிட். யூ.எஸ்.பி 2 தாங்குறது 480 மெகாபிட், 3.0ன்னா 5 ஜிகாபிட். மாறின பகுதியை மட்டும் லெப்டொப்போட சீ.பி.யூ சுருக்கி அனுப்புறதால எக்செல் சும்மா நிக்கும்போது வித்தியாசம் தெரியாது.

பதுளை: யூடியூபும் ஓடுது அண்ணே.

பதில்: சின்ன ஜன்னல்ல ஓடும். முழுத்திரையில 1080ல போட்டு, டாஸ்க் மெனேஜர்ல சீ.பி.யூ ஏறுறதைப் பாருங்க. அதே ஹப்ல வெப்கேமும் இருந்தா அந்த 480ஐயும் பங்கு போடணும்.

கண்டி: யூ.எஸ்.பி 3லயும் சுருக்குறது சீ.பி.யூதானே?

பதில்: ஆமா, அது சரியான கேள்வி. பாதை அகலமானா நெரிசல்தான் குறையும், சுருக்குற வேலை போகாது. அதனாலதான் கேமுக்கு டிஸ்பிளேலிங்க் வேணாங்கிறேன்.

பதுளை: எனக்குப் போதும்.

பதில்: போதும்னா சந்தோஷம். அடுத்தவங்களுக்குச் சிபாரிசு பண்ணாதீங்க.

வெலிமடை: ஸ்ப்ளிட்டர் போட்டா ரெண்டு திரை...

பதில்: ஹட்டன் தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

நுவரெலியா: 4கே மொனிட்டர், ஹப் வழியா மவுஸ் விட்டு விட்டு நகருது.

பதில்: 30 ஹேர்ட்ஸ்ல ஓடுது, அதாவது செக்கனுக்கு 30 தடவைதான் படம் மாறுது. டிஸ்பிளே செட்டிங்ஸ்ல ரிஃப்ரெஷ் ரேட் பாருங்க. எச்.டி.எம்.ஐ 1.4 ஹப்ல 4கே 30க்கு மேல ஏறாது. 2.0 இருந்தும் ஏறலன்னா, டைப்-சி கேபிளோட நாலு அதிவேகப் பாதையில ரெண்டை ஹப்போட யூ.எஸ்.பி 3 எடுத்திருக்கும். மொனிட்டருக்குத் தனி கன்வேர்ட்டர், மற்றதுக்கு வேற போர்ட்.

லிந்துலை: இடிக்கு மல்டி பிளக் சுவிட்சை ஓஃப் பண்ணினா போதாதா அண்ணே?

பதில்: போதாது. சுவிட்சோட இடைவெளி சில மில்லிமீற்றர்தான், மின்னல் தாண்டிடும். எச்.டி.எம்.ஐ, நெட்வேர்க் வயர் எல்லாம் ஒன்னோட ஒன்னு சேர்ந்திருக்கு, ஒன்னுல ஏறினா மற்றதுக்கும் போகும். மொனிட்டர், சார்ஜர், ரவுட்டர் மூனையும் பிடுங்குங்க, ரவுட்டருக்கு வர்ற போன் வயரையும் சேர்த்து. மார்ச், ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரம் வேலை முடிஞ்சதுமே. எர்த் இல்லாத பிளக்ல, திடீர்னு ஏறுற மின்சாரத்தைத் தடுக்கிற சேர்ஜ் புரொடெக்டர் பாதி வேலைதான் செய்யும்.

கொட்டகலை: நாலு போர்ட் ஸ்ப்ளிட்டர் வாங்கினா?

பதில்: நாலு மொனிட்டர்ல ஒரே படம்.